மலைநாட்டில் பங்காசியஸ் கெளுத்தி வளர்க்க: முதலில் வெப்பமானி, பிறகு மீன்

கண்டி, ஹட்டன், பதுளை டவுன்களில் வண்ணமீன் விற்கும் கடைகளில் இந்த மீனைப் பார்த்திருப்பீர்கள். விரல் நீளம்தான் இருக்கும். வெள்ளி உடம்பில் நீளவாக்கில் கரும்பட்டைகள், முதுகில் நிமிர்ந்து நிற்கும் துடுப்பு. கூட்டமாக ஓயாமல் முன்னும் பின்னும் நீந்திக்கொண்டிருக்கும். கடைக்காரர் "ஷார்க்" என்று சொல்லித்தான் தருவார். சுறாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அது கெளுத்தி. நன்றாக வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும், எடை 40 கிலோவைத் தொடும். சுப்பர்மார்க்கெட்டில் ‘பாசா’ என்று முள்ளில்லாத வெள்ளைத் துண்டுகளாக உறையவைத்து விற்கிறார்களே, அதில் பெரும்பகுதி இதே மீன்தான்.

இதன் சொந்த ஊர் மீகொங் ஆறும், தாய்லாந்தின் சாவோ பிரயா ஆறும். மழைக்காலம் தொடங்கும்போது ஆற்றில் மேல்நோக்கி நெடுந்தூரம் நீந்திப்போய் முட்டையிடும்; குஞ்சுகள் வெள்ளத்தோடு கீழே வந்து சேரும். இதற்கு நெருங்கிய சொந்தக்காரன் ஒன்று உண்டு, மீகொங் இராட்சதக் கெளுத்தி. 2005இல் வட தாய்லாந்தில் பிடிபட்ட ஒன்று 293 கிலோ இருந்தது. அது அழிவின் விளிம்பில் நிற்கிற மீன், நம் கைக்கு வரப்போவதில்லை. நாம் பேசுவது அதன் தம்பியைப் பற்றி. இந்தத் தம்பியும் இயற்கையான ஆற்றில் குறைந்துகொண்டேதான் வருகிறது. ஆனால் பண்ணைகளில் வியட்நாம் மட்டும் வருடத்துக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் விளைவிக்கிறது.

அந்தப் பண்ணைகளின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "நம்ம தோட்டத்திலும் தண்ணிக்குப் பஞ்சமில்லையே, ஏன் வளர்க்கக் கூடாது" என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. நமக்குக் குறைவாக இருப்பது அந்தத் தண்ணீரில் சூடு. அதனால் இந்த வழிகாட்டி தொட்டி கட்டுவதில் தொடங்கவில்லை.

முதலில் தண்ணீரின் சூடு

இந்த மீனுக்குப் பிடித்த வெப்பநிலை 26 முதல் 30 பாகை செல்சியஸ். 22க்குக் கீழே போனால் தீனி எடுப்பது குறையும். 20க்குக் கீழே பல நாள் நின்றால் வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும், நோய் எதிர்ப்பும் விழுந்துவிடும். 15ஐ நெருங்கினால் சாவுதான் மிச்சம்.

இனி நம் ஊர்களைப் பாருங்கள். மாத்தளை, கம்பளை, கண்டி எல்லாம் 500 மீட்டர் உயரத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கின்றன. நாவலப்பிட்டி அதற்குச் சற்று மேலே, பதுளை 700 மீட்டரை ஒட்டி. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை ஆகியவை 1,200 மீட்டர் அளவில். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே வருடச் சராசரியே 16 பாகை அளவுதான், தை மாசி விடியற்காலையில் புல்லில் உறைபனி பிடிக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகைக்கு மேல் குறையும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு உங்களுக்கே வந்துவிடும்.

நான் சொல்வது இதுதான்: 700 மீட்டருக்குக் கீழே இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். 700க்கும் 1,000க்கும் இடையில் என்றால் பொலித்தீன் கூடாரம் இல்லாமல் தொடாதீர்கள். அதற்கு மேலே இருப்பவர்கள் இந்த மீனை விட்டுவிடுங்கள். நுவரெலியாவில் ஹீட்டர் போட்டு வளர்க்கலாமே என்று கேட்பார்கள். ஒரு கண்ணாடித் தொட்டிக்கு அது சரிவரும். பத்தாயிரம் லீட்டருக்கு ஹீட்டர் போட்டால் மீனை விற்றுக் கரண்ட் பில்லைக்கூடக் கட்ட முடியாது. குளிருக்குப் பழகிய கார்ப், கோய், தங்கமீன் எல்லாம் இருக்கின்றன. அந்த உயரத்துக்கு அவைதான் பொருத்தம். ஆங்கிலேயர்கள் ஹோட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டதும் அந்தக் குளிரை நம்பித்தான்.

உயரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரே உயரத்தில் வெயில் பார்த்த சரிவுக்கும் நிழல் விழும் பள்ளத்துக்கும் இரண்டு மூன்று பாகை வித்தியாசம் இருக்கும். ஒரு வெப்பமானி வாங்குங்கள், விலை அதிகமில்லை. தொட்டி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு பெரிய பீப்பாயை நிரப்பி வையுங்கள். காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் தண்ணீருக்குள் வெப்பமானியை அரை அடி ஆழத்தில் பிடித்துப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். மார்கழி, தை மாதங்களில் பார்ப்பதுதான் பரீட்சை. அந்த மாதங்களில் காலைச் சூடு 20க்குக் கீழே போகாவிட்டால் வருடம் முழுவதும் மீனைத் தொட்டியில் வைத்திருக்கலாம். அதற்குக் கீழே போனால் மாசிக் கடைசியில் விட்டு, கார்த்திகைக் கடைசிக்குள் பிடித்துவிடும் விதமாகத் திட்டம் போட வேண்டும்.

அனுமதியும் குஞ்சும்

இது வெளிநாட்டு மீன். ஆகவே குஞ்சு தேடுவதற்கு முன் நக்டாவிடம், அதாவது தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையிடம் போய்க் கேளுங்கள். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிறுவனம் அது. கினிகத்தேனையில் அவர்களுடைய மீன்வளர்ப்பு நிலையம் ஒன்று இருப்பதால் நுவரெலியா மாவட்டத்துக்காரர்கள் கொழும்புவரை அலைய வேண்டியதில்லை. என்ன மீன், எத்தனை, எங்கே, கழிவுநீர் எங்கே போகும் என்று நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும். இந்த இனத்துக்கு அவர்கள் வேண்டாம் என்றால், வேண்டாம்தான். திலாப்பியாவுக்கோ கார்ப்புக்கோ அவர்களே குஞ்சும் ஆலோசனையும் தருவார்கள்; கீழே சொல்லும் தொட்டி வேலையில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

தோட்டத்து லயத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு அனுமதியும் தேவை. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டுக்குப் பக்கத்துக் காய்கறிப் பாத்தியில் தொட்டி வைப்பதானாலும் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் "சரி" என்ற துரை மாற்றலாகிப் போய்விட்டால், அடுத்து வருபவரிடம் காட்ட ஒரு கடிதம் கையில் இருக்க வேண்டும்.

குஞ்சை வீட்டிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று கனவு காண வேண்டாம். இந்த மீன் குளத்திலோ தொட்டியிலோ தானாக முட்டையிடாது. பொரிப்பகத்தில் ஹோர்மோன் ஊசி போட்டுத்தான் முட்டையை எடுக்கிறார்கள். மூன்று நான்கு வருடம் வளர்ந்த தாய்மீன் அதற்கு வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் நான்கைந்து அங்குலக் குஞ்சாக வாங்குவதே நல்லது. அதைவிடச் சின்னது விலை குறைவு, சாவு அதிகம்.

பீலித் தண்ணீர் நல்லதுதான், ஆனால்

மலையில் ஊறி வரும் பீலித் தண்ணீர் குடிக்க அருமையாக இருக்கும். மீனுக்கு அதில் மூன்று சிக்கல்கள்.

ஒன்று, குளிர். பீலியிலிருந்து குழாய் போட்டு நேரே தொட்டிக்கு விட்டால், மதியம் 27 பாகையில் இருக்கும் மீன் சட்டென்று 18 பாகைத் தண்ணீரில் நனையும். அதற்கு அடுத்த வாரம் உடம்பில் வெள்ளைப் புள்ளி வரும். கறுப்புப் பீப்பாய் அல்லது கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்றை வெயிலில் வைத்து, அதில் நிரப்பி, சூடேறிய பிறகு பிற்பகலில் தொட்டிக்கு விடுங்கள்.

இரண்டு, புளிப்பு. தேயிலை மண்ணே புளிப்பு மண். புளிப்பை அளக்கும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; இந்த மண்ணில் அது நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் இருக்கும். அதில் ஊறி வரும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மீனுக்கு 6.5 முதல் 7.5 வரை இருந்தால் போதும், ஆனால் அது ஆடாமல் நிற்க வேண்டும். மண்ணுக்குப் போடும் டொலமைட் தோட்டப் பக்கத்தில் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆயிரம் லீட்டருக்கு 50 கிராம் கணக்கில் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மீன் விடுவதற்கு ஒரு வாரம் முன் தொட்டியில் ஊற்றிக் கலக்குங்கள். அது மெதுவாகத்தான் கரையும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையோ சுட்ட சுண்ணாம்பையோ மீன் இருக்கும் தண்ணீரில் போடவே கூடாது, ஒரு நாளில் பி.எச். ஏறிச் செவுளைச் சுட்டுவிடும்.

மூன்றாவதுதான் நம் பக்கத்துக்கே உரியது, பெரியதும் அதுதான்: தேயிலைக்கு அடிக்கும் மருந்து. மழைக்காலத்தில் கொப்புள நோய்க்காகக் கொழுந்துக்குச் செப்பு கலந்த மருந்து அடிப்பார்கள். செப்பு மீனுக்கு நஞ்சு. செதிலில்லாத கெளுத்திக்கு அது இன்னும் சீக்கிரம் பிடிக்கும். களைக்கு அடிக்கும் மருந்தும் அப்படியே. மலையிலிருந்து கானில் இறங்கும் தண்ணீர் எந்த ஓடையில் விழுகிறது என்று ஒருமுறை நடந்தே போய்ப் பாருங்கள். உங்கள் குழாயின் வாய், தேயிலை மலைக்குக் கீழே இருந்தால் அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள். காட்டு ஊற்றிலிருந்து வந்தால் பிழையில்லை. வேறு வழியே இல்லை என்றால், மருந்தடிக்கும் நாளைக் கங்காணியிடம் முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றும் அதற்குப் பிறகு வரும் முதல் பெருமழை ஓடி முடியும்வரையும் குழாயை அடைத்து வையுங்கள்.

கூரையிலிருந்து பிடிக்கும் மழைத்தண்ணீரும் ஆகும். பழைய தகரக் கூரைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் வேண்டாம். நகரத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். காற்றுப் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்த பிறகே பாவிக்கலாம்.

குளமா, தொட்டியா

வியட்நாமில் மூன்று நான்கு மீட்டர் ஆழக் குளங்களில் வளர்க்கிறார்கள். பக்கத்திலேயே பெரிய ஆறு, நாளும் தண்ணீர் மாற்ற முடியும், நிலம் சமதளம். நம்முடையது சரிவு. சரிவில் குளம் வெட்டித் தண்ணீரைத் தேக்கினால் அது மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய தண்ணீர் மண்ணைப் பாரமாக்கி வழுக்க வைக்கும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டு யாரும் மலையில் குளம் வெட்டக் கூடாது. வீட்டுக்கு மேற்புறச் சரிவில் நூறு லீட்டர் தேக்குவதானாலும் நான் எதிர்ப்பேன். மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள்.

ஆகவே நமக்குத் தொட்டிதான். இரும்புக் கம்பி வலைச் சட்டத்துக்குள் தடித்த தார்ப்பாயைப் போட்ட வட்டத் தொட்டி மலிவு. இடம் மாற்றவும் முடியும். நான்கு மீட்டர் குறுக்களவு, ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 12,500 லீட்டர் பிடிக்கும். அதாவது பன்னிரண்டரைத் தொன் பாரம். அதைத் தாங்கும் இறுகிய சமதரை வேண்டும். நேற்று நிரப்பிய மண்ணின் மேல் வைக்காதீர்கள். தரையில் கல்லைப் பொறுக்கி, மணல் பரப்பி, பழைய சாக்கு விரித்து, அதற்கு மேல் தார்ப்பாய். நடுவில் வடிகுழாய். வட்டத் தொட்டியில் தண்ணீர் சுழன்றால் அழுக்கு தானாக நடுவுக்கு வரும், குழாயைத் திறந்தால் போய்விடும். சீமெந்துத் தொட்டி கட்டுகிறவர்கள் மூலைகளை வளைவாகப் பூசச் சொல்லுங்கள்; இந்த மீன் பயந்தால் மூலையில் போய் முட்டி மூக்கை உடைத்துக்கொள்ளும். புதுச் சீமெந்து தண்ணீரைக் காரமாக்கும் என்பதால் நிரப்பி, வடித்து, மறுபடி நிரப்பி என்று இரண்டு வாரமாவது கழுவ வேண்டும்.

தொட்டிக்கு மேலே பொலித்தீன் கூடாரம். பண்டாரவளை, நுவரெலியாப் பக்கத்தில் தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் போடுகிறார்களே, அதே மாதிரி. மழையில் தொட்டி வழிவதையும் அது தடுக்கும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தில் வைகாசி முதல் பெய்யும் மழையில் மூடாத தொட்டி ஒரே இரவில் வழியும். மீனும் அதோடு கானில் இறங்கி ஓடைக்குப் போய்விடும். தொட்டியின் வாய்க்கு வலை அவசியம். பறவைகள் கொத்தும் என்பதற்காக மட்டுமில்லை, இந்த மீன் துள்ளும்.

வழிந்தோடும் தண்ணீர் வாழைக்கோ கறிவேப்பிலைப் பாத்திக்கோ போகட்டும். ஓடைக்குள் விடாதீர்கள்.

குஞ்சை இறக்குவது

குஞ்சு தெரிவு செய்யும்போது தொட்டியருகே போய்க் கையை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். நல்ல குஞ்சு கூட்டமாகச் சட்டென்று திரும்பும். தனியாக மூலையில் நிற்பது, மூக்கு நுனி வெள்ளையாகக் காயப்பட்டது, மீசை மழுங்கியது, வயிறு ஒட்டியது எல்லாம் வேண்டாம். ஒட்சிசன் ஏற்றிய பையில், அதிகாலையில் கொண்டுவாருங்கள். வளைந்து வளைந்து ஏறும் பாதை என்பதால் பையைப் பெட்டிக்குள் இறுக்கமாக வைத்து ஈரச் சாக்கால் மூடுங்கள்.

வந்ததும் அவிழ்த்துக் கொட்டிவிடாதீர்கள். பையை அப்படியே தொட்டியில் அரை மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, கடைசியில் மீனை வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம். அன்று முழுக்கத் தீனி கிடையாது. மின்விளக்கு, சத்தம், எட்டிப்பார்க்கும் பிள்ளைகள் எதுவும் வேண்டாம். இதன் கண்பார்வை கூர்மையில்லை. அதனால் நிழல் அசைந்தாலே மிரண்டு ஓடும்.

எத்தனை விடலாம்? முதல் தடவைக்கு 12,500 லீட்டர் தொட்டியில் 50 மீன். குறைவு என்று நினைப்பீர்கள். ஒவ்வொன்றும் ஒரு கிலோவானால் 50 கிலோ மீன், ஆயிரம் லீட்டருக்கு நான்கு கிலோ. வடிகட்டி, பம்ப், தண்ணீர் மாற்றும் பழக்கம் எல்லாம் கைக்கு வரும்வரை இதற்கு மேல் போகாதீர்கள்.

தீனி

மிதக்கும் குருணை வாங்குங்கள். மூழ்கும் தீனி போட்டால் தின்றதா, அடியில் கிடந்து அழுகுகிறதா என்று தெரியாது. குஞ்சுக்கு முப்பது வீதப் புரதம் உள்ளது, கால் கிலோ தாண்டிய பிறகு 25 முதல் 28 வீதம் போதும். சின்னதில் உடம்பெடையில் ஐந்து வீதம், வளர வளர இரண்டு வீதம் வரை இறக்கலாம். 50 மீன், ஒவ்வொன்றும் 200 கிராம் என்றால் மொத்தம் பத்துக் கிலோ. மூன்று வீதம் போட்டால் நாளுக்கு 300 கிராம். அதை இரண்டாகப் பிரித்து, வெயில் ஏறியபின் ஒன்பது மணிக்கு ஒருமுறை, நான்கு மணிக்கு ஒருமுறை.

கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், அதுதான் இந்த வேலையிலேயே சுவாரசியமான பகுதி. முதல் பிடியைத் தூவியதும் ஒன்றும் நடக்காது. அப்புறம் தண்ணீருக்கு அடியில் ஒரு கருநிழல் வட்டமாகச் சுற்றும். ஒன்று மேலே வந்து, அகல வாயைத் திறந்து, மேல்தண்ணீரோடு குருணையை உறிஞ்சிக்கொண்டு வாலால் அடித்து இறங்கும். அடுத்த நொடி எல்லாம் மேலே வந்துவிடும், எட்டி நிற்பவர் சட்டையும் நனையும். பதினைந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவே சரியான அளவு. மிச்சம் மிதந்தால் வலையால் அள்ளிவிட்டு அடுத்த வேளை குறைத்துப் போடுங்கள். மூடுபனி இறங்கி, தண்ணீர் 22க்குக் கீழே இருக்கிற நாளில் பாதி போதும். 20க்குக் கீழே என்றால் ஒன்றும் வேண்டாம். பட்டினியால் இது லேசில் சாகாது. செரிக்காத தீனியால் சாகும்.

அரிசித் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் சேர்த்து வீட்டில் பிசைந்து போடுகிறவர்கள் உண்டு. செலவு குறையும், தண்ணீர் சீக்கிரம் கெடும். மீந்த சோறும் ரொட்டியும் எப்போதாவது ஒரு பிடி போட்டால் ஒன்றும் ஆகாது. அதையே தினமும் தீனியாக்கினால் மீன் கொழுக்கும், வளராது. கோழிக்கடைக் கழிவை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். நாற்றம் லயம் முழுக்கப் போகும், பிறகு அக்கம்பக்கத்தில் யாரும் உங்கள் மீனை வாங்கமாட்டார்கள்.

கணக்கு ஒன்று மனதில் இருக்கட்டும். கைதேர்ந்த பண்ணையில் ஒரு கிலோ மீனுக்கு ஒன்றரை கிலோ தீனி சற்றுக் கூடக் குறையப் போகும். புதியவருக்கு இரண்டு கிலோ என்று வையுங்கள். இன்றைய தீனி விலையை இரண்டால் பெருக்கினால் ஒரு கிலோ மீனின் அடக்கவிலை தீனியில் மட்டும் தெரியும். ஊரில் திலாப்பியா அதற்குக் கீழே விற்றால், இந்த மீனை விற்பதற்காக வளர்ப்பதில் அர்த்தமில்லை. வியட்நாமில் ஆறு முதல் எட்டு மாதத்தில் கிலோ அளவு வரும். நம் சூட்டுக்கு அதே அளவுக்கு ஒரு வருடம் பிடித்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

அன்றாட வேலை, நோய்

இந்த மீன் காற்றையும் சுவாசிக்கும். நீந்துபையே இதற்கு இரண்டாவது மூச்சுறுப்பு. அவ்வப்போது ஒன்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கினால் பயப்பட வேண்டாம். எல்லாம் சேர்ந்து மேலேயே தொங்கிக்கொண்டு, கையைக் காட்டினாலும் இறங்காவிட்டால்தான் தண்ணீரில் கோளாறு. மழைக்காலத்தில் கரண்ட் போய் பம்ப் நின்றாலும் இது ஓர் இரவைத் தாங்கிவிடும். அந்த வகையில் நம் ஊருக்கு ஏற்ற மீன். ஆனால் மூச்சுக்குத் தப்பினாலும், மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் உண்டாகும் அமோனியா என்ற நஞ்சுக்குத் தப்பாது. வாரத்தில் இரண்டு தடவை அடி அழுக்கோடு கால்வாசித் தண்ணீரை வடித்து, சூடேறிய புதுத்தண்ணீர் விடுங்கள். அமோனியா பார்க்கும் சோதனைப் பெட்டி வண்ணமீன் கடைகளில் கிடைக்கும்.

நோயில் நமக்கு அதிகம் வருவது வெள்ளைப்புள்ளி. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து குளிர்ந்தால் உடம்பிலும் துடுப்பிலும் ரவை தூவின மாதிரி தெரியும். மீன் தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்க்கும். ஆயிரம் லீட்டருக்கு இரண்டு கிலோ சாப்பாட்டு உப்பு, அதாவது நம் தொட்டிக்கு 25 கிலோ, இரண்டு நாளில் பிரித்துக் கரைத்து விடுங்கள். கூடாரத்தை இறுக மூடிச் சூட்டை ஏற்றுங்கள். உப்பை இது நன்றாகவே தாங்கும். செப்பு மருந்து, ஃபோர்மலின் பக்கம் போக வேண்டாம், செதிலில்லாத தோல் அது. மலகைட் பச்சை என்ற சாய மருந்தும் உண்ணும் மீனுக்கு ஆகாது. வயிற்றிலும் துடுப்படியிலும் சிவப்புத் திட்டு வந்தால் அது பக்டீரியா. பார்மசியில் கண்ட அன்டிபயோட்டிக்கை வாங்கிக் கொட்டாமல், ஒரு மீனை உயிரோடு பையில் போட்டு நக்டா நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். செத்ததை உடனே எடுத்துக் குழி தோண்டிப் புதைத்துச் சுண்ணாம்பு போடுங்கள்.

கையால் பிடிக்கும்போது கவனம். முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் அரம் போன்ற முள் இருக்கிறது. நைலோன் வலையில் அது சிக்கினால் மீனுக்கும் காயம், எடுக்கிறவர் கைக்கும் காயம். முடிச்சில்லாத மெல்லிய துணிவலை பாவியுங்கள். பெரிய மீனை வலையாலும் தூக்காமல், தண்ணீருக்குள்ளேயே வாளியில் ஓட்டி ஏற்றுவது மேல்.

அழகுக்கு வளர்க்க நினைப்பவர்களுக்கு

சுருக்கமாகச் சொன்னால், வாங்காதீர்கள். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி இதற்குச் சில மாதங்களுக்குத்தான். தனியாக வைத்தால் மிரளும், கூட்டமாக வைத்தால் இடம் போதாது. ஓர் ஆள் உள்ளே படுத்து உருளக்கூடிய தொட்டி இருந்தால் யோசிக்கலாம். மலைநாட்டு வீட்டில் அதற்கு ஹீட்டரும் வேண்டும்.

ஏற்கெனவே வாங்கி, அது தொட்டியை மீறி வளர்ந்துவிட்டது என்றால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுங்கள், மருந்து எதுவும் போடாதிருந்தால் கறியும் வைக்கலாம். மகாவலியிலோ கொத்மலை, காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களிலோ ஊரோரக் குளத்திலோ விடுவது மட்டும் கூடாது. தொட்டி கழுவும் மீன் என்று வாங்கி, வளர்ந்ததும் ஆற்றில் விட்ட கவசக் கெளுத்தி இன்று இலங்கை நீர்நிலைகளில் பரவிக் கிடக்கிறது; கத்திமீனும் அப்படித்தான் வந்தது. மகாவலிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத லேபியோ ஃபிஷெரி போன்ற மீன்கள் நம் ஆற்றில் இருக்கின்றன, அவையே இப்போது எண்ணிக்கையில் குறைந்துபோய் நிற்கின்றன. பாவம், உயிரோடு விட்டுவிடலாம் என்ற இரக்கம் அங்கே வேறு மீன்களைக் கொல்லும்.

பிடிப்பதும் விற்பதும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்கத் தேவையில்லை. முக்கால் கிலோ தாண்டியவற்றைக் கார்த்திகை தொடக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். பிடிப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன் தீனியை நிறுத்தி, அவற்றை மட்டும் சுத்தத் தண்ணீர் ஓடும் சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள்; மண்வாடை அதில் போய்விடும். அந்த வாடைதான் நன்னீர் மீன் வேண்டாம் என்று நம் ஆட்கள் முகம் சுளிக்கக் காரணம். லொறியில் வரும் கடல்மீனுக்குப் பழகிய வாய் இது. முதல் தடவை நாலு வீட்டுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்து ருசி காட்டினால் அடுத்த கிழமை தானாகக் கேட்டு வருவார்கள். உயிர்மீனாக, சம்பள நாளை ஒட்டி விற்பது இலகு.

செதில் இல்லாததால் ஆய்வது சுலபம். கல்லுப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் வழுவழுப்புப் போகும். வயிற்றுப் பக்கத்தில் மஞ்சள் கொழுப்பு கட்டியாக இருக்கும், அதை முழுக்க எடுத்துவிடுங்கள். குழம்பில் எண்ணெய் மிதப்பதும் வாடை அடிப்பதும் அதனால்தான். சதை மிருது, சின்ன முள் கிடையாது, பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். கொறுக்காய்ப் புளி போட்டு வற்ற வைத்தால் உடையாமல் நிற்கும். தண்ணிக் குழம்பில் கரைந்துவிடும்.

கடைசி மீனை எடுத்ததும் தொட்டியை முழுக்க வடித்து, தார்ப்பாயை உப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, மார்கழி தை இரண்டு மாதமும் காயப் போடுங்கள். கூடாரத்தின் கிழிசலை ஒட்டுவதும் பம்பைக் கழற்றித் துடைப்பதும் அப்போதே செய்ய வேண்டிய வேலை. தை பிறந்தபின் பீப்பாயில் மறுபடி வெப்பமானியைப் போட்டுப் பார்த்து, காலைச் சூடு 22க்கு ஏறியதும் அடுத்த குஞ்சுக்குச் சொல்லி வைக்கலாம்.